சிங்கப்பூர் உயர்நிலை இரண்டில் பாடத் தேர்வு: இயற்பியலை விடுமுன் பார்க்கவேண்டியவை

மதிப்பிற்குரிய அம்மா,

மகளுக்கு இயற்பியல் ஒத்துவராது என்றும், உயர்நிலை மூன்றில் அந்தப் பக்கமே போகாமல் கணக்கியல் எடுத்துக்கொள்ளட்டும் என்றும் சென்ற வாரம் சொன்னீர்கள். நீங்கள் விட்டுச்சென்ற விடைத்தாள்களை வரிவரியாகப் படித்துப் பார்த்தேன். கணக்கியல் நல்ல பாடம்தான். அதை விரும்பித் தேர்ந்தெடுத்தால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இயற்பியலுக்குப் பயந்து அங்கே ஒதுங்கவேண்டிய நிலையில் உங்கள் மகள் இல்லை. அவள் மதிப்பெண்ணை இழந்த இடங்களில் பெரும்பாலானவற்றில் கணக்கைச் சரியாகவே போட்டிருக்கிறாள். வெவ்வேறான இரண்டு கருத்துகளை ஒன்றென்று எண்ணியதுதான் பிழை.

முதலாவது, நிறையும் எடையும். பள்ளியில் அவற்றை 'மாஸ்' என்றும் 'வெயிட்' என்றும் பிரித்துச் சொல்கிறார்கள். வீட்டிலோ, தேக்கா சந்தையில் வாங்கும் மீனுக்கும் குழந்தையின் உடம்புக்கும் நாம் 'எடை' என்ற ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம், அதையும் கிலோவில்தான் சொல்கிறோம். இயற்பியலில் கிலோகிராம் என்பது பொருளின் நிறையைக் குறிக்கும். அந்த நிறையைப் பூமி இழுக்கும் விசையே எடை, அதன் அலகு நியூட்டன். 50 கிலோகிராம் நிறையுள்ள ஒருவரைப் பூமி ஏறத்தாழ 500 நியூட்டன் விசையோடு இழுக்கிறது. நிலவில் அவருடைய எடை 80 நியூட்டன் அளவுக்குக் குறைந்துவிட்டாலும் நிறை அதே 50 கிலோகிராம்தான். முள் நகரும் எடைக்கருவி வீட்டில் இருந்தால், அதை உங்கள் அடுக்குமாடி புளோக் மின்தூக்கிக்குள் வைத்து மகளை ஏறி நிற்கச் சொல்லுங்கள். மின்தூக்கி மேலே கிளம்பும் கணத்தில் முள் சற்று ஏறி, பிறகு பழைய இடத்துக்குத் திரும்பும். அவளது நிறையும் மாறவில்லை, பூமியின் இழுப்பும் மாறவில்லை. அவளையும் சேர்த்து மேல்நோக்கி வேகப்படுத்துவதற்காகத் தளம் கூடுதலாகத் தள்ளுவதைத்தான் முள் காட்டுகிறது.

இரண்டாவது குழப்பம் வெப்பமும் வெப்பநிலையும். இதில்தான் அவள் மிகுதியாகத் தடுமாறியிருக்கிறாள்; நம் வீட்டுப் பேச்சில் இரண்டும் 'சூடு' என்பதால் அதில் வியப்பில்லை. ஒரு பொருள் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைக் காட்டுவது வெப்பநிலை; சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குப் போகும் ஆற்றல் வெப்பம், அதன் அலகு ஜூல். 100 பாகை செல்சியசில் கொதிக்கும் 200 கிராம் நீர் ஒரு கோப்பையிலும், 40 பாகையில் வெதுவெதுப்பான 10 கிலோகிராம் நீர் ஒரு வாளியிலும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 30 பாகைக்கு ஆறும்வரை எது அதிக வெப்பத்தை வெளிவிடும் என்று கேட்டால், யோசிக்காமல் கோப்பையைக் காட்டுவோம். ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலை ஒரு பாகை மாறுவதற்கு ஏறத்தாழ 4,200 ஜூல் வேண்டும் என்பதை வைத்துக் கணக்கிட்டால், கோப்பை வெளிவிடுவது 58,800 ஜூல், வாளி வெளிவிடுவது 4,20,000 ஜூல். வெப்பநிலையில் கோப்பை முந்துகிறது. வெளிவிடும் வெப்பத்தில் வாளி ஏழு மடங்குக்கும் மேல். இந்த ஒரு கணக்கை அவள் தானாகப் போட்டு, விளக்கத்தையும் தன் வாயால் சொல்லிவிட்டால், விடைத்தாளில் தவறிய கேள்விகளில் பாதிக்கு அவளே பதில் எழுதிவிடுவாள் என்று நம்புகிறேன்.

பாடத் தேர்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தொடக்கக் கல்லூரியில் இயற்பியலைத் தொடரும் எண்ணம் இருந்தால், அதைத் தனிப்பாடமாக எடுப்பது நல்லது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் பொறியியல் பட்டயப் படிப்புதான் நோக்கம் என்றால், இயற்பியலும் வேதியியலும் சேர்ந்த ஒருங்கிணைந்த அறிவியலே பல படிப்புகளுக்கு ஏற்கப்படுகிறது. ஒவ்வொரு படிப்பின் நிபந்தனையையும் கல்லூரியின் இணையத்தளத்தில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் சாதாரண நிலை, வழக்க நிலைத் தேர்வுகளின் இடத்தில் 2027ஆம் ஆண்டு முதல் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ்த் தேர்வு வருகிறது என்பதற்காகக் கலங்கவேண்டாம். தேர்வின் பெயர் மாறினாலும் வெப்பமும் விசையும் மாறப்போவதில்லை.

பள்ளியில் விருப்பப் படிவம் கொடுக்கும்வரை துணைப்பாட வகுப்பை இன்னொன்று கூட்டாதீர்கள். அதற்குப் பதிலாக வீட்டு மின்கெண்டியை அவளிடம் ஒப்படையுங்கள். அதன் அடியில் எத்தனை வாட் என்று அச்சிட்டிருக்கும். 2,000 வாட் என்றால் விநாடிக்கு 2,000 ஜூல் என்று பொருள். 30 பாகையில் உள்ள ஒரு லிட்டர் நீர் கொதிநிலையை எட்ட 2,94,000 ஜூல் தேவை, அதாவது 147 விநாடி. உண்மையில் அதைவிடக் கூடுதலாகவே ஆகும். எத்தனை விநாடி கூடியது, அந்த மிகுதி வெப்பம் எங்கே போனது என்று அவளே எழுதட்டும். அந்தத் தாளோடு அடுத்த சந்திப்புக்கு அவளையும் அழைத்து வாருங்கள். இயற்பியலை எடுப்பதா விடுவதா என்பதை அப்போது மூவருமாக உட்கார்ந்து பேசுவோம்.