ஆவாரஞ்செடியை எப்படிச் சரியாக அடையாளம் காண்பது? வீட்டில் வளர்க்க முடியுமா?

தாராளமாக வளர்க்கலாம், ஆனால் வாங்கும்போது கவனம். சில வருடங்களுக்கு முன் ஒரு நர்சரியில் ஆவாரம் என்று சொல்லி எனக்குக் கொடுத்தது சொர்ணபட்டி. அதுவும் மஞ்சளாகத்தான் பூக்கும், ஆனால் பூ புனல் மாதிரி ஒன்றாக ஒட்டியிருக்கும், இலை ஓரம் ரம்பப்பல்லாக இருக்கும். ஆவாரம்பூவுக்கு ஐந்து இதழும் தனித்தனி, இலை புளிய இலை போல ஜோடி ஜோடியாக, ஆனால் அதைவிடப் பெரிதாக.

இன்னும் சந்தேகம் என்றால் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள், குட்டிக் காது மடல் மாதிரி ஒரு செதில் இலை ஒட்டிக்கொண்டிருக்கும். தாவரவியல் பெயரில் வரும் 'ஆரிகுலேட்டா'வே சின்னக் காது என்ற பொருளில் வைத்ததுதான். இந்தக் காதைப் பார்த்துவிட்டால் அப்புறம் வாழ்நாளில் தவறாது.

எங்கள் தாராபுரம் பக்கம் கொறங்காட்டு (மேய்ச்சல் காட்டு) வேலியோரம், கல்லும் சரளையுமான மேட்டில் இது தானாக வளரும். காலையில் பூக்கிட்டே போய் நின்று பாருங்கள். கருவண்டு ஒன்று வந்து மகரந்தக் காம்புகளைக் கட்டிப்பிடித்து 'ஞ்ஞ்' என்று அதிரும், அந்த அதிர்வில்தான் மகரந்தப் பையின் நுனித் துளை வழியாகப் பொடி கொட்டும். தேனுக்காக இல்லை, அந்தப் பொடிக்காகவே வருகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

தோல் பதனிட இதன் பட்டையை வண்டி வண்டியாக வெட்டிப் போன காலம் உண்டு. குறுந்தொகையில் மடலேறும் காதலன், அதாவது காதலியை அடையப் பனைமடலில் செய்த குதிரையில் ஏறி வருபவன், அந்தக் குதிரைக்குச் சூட்டும் மாலையும் ஆவிரைதான், ஆவாரத்தின் பழைய பெயர் அது. தெலங்கானாவில் இதுவே மாநிலப் பூ, அங்கே பதுகம்மா என்ற பூத்திருவிழாவில் அடுக்கும் பூக்களில் இது கட்டாயம் இருக்கும்.

சரி, வளர்ப்பு. காட்டுச் செடியைத் தயவுசெய்து பிடுங்காதீர்கள், ஆணிவேர் ஆழமாகப் போயிருக்கும், அறுந்தால் பிழைக்காது. காகிதம் போலக் காய்ந்த தட்டையான காயைப் பறித்து விதை எடுங்கள். தோல் கெட்டி என்பதால் கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு ஒரு ராத்திரி அப்படியே ஊறவிட்டு, மறுநாள் நேரடியாக மண்ணில் ஊன்றுங்கள். நல்ல வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது.

நான் போட்டதில் மூன்று முளைத்தன. இந்தத் தைப்பொங்கலையொட்டி வாசலில் கட்டும் காப்புக்கட்டுக்குப் பூளைப்பூவும் வேப்பிலையும்தான் வெளியில் இருந்து வந்தது, ஆவாரம் எங்கள் வாசலில் பறித்தது.