திருமண டிவிடி 40ஆவது நிமிடத்தில் நிற்பது குறித்து

வணக்கம். உங்கள் அக்காவின் திருமண டிவிடி 40ஆவது நிமிடத்தில் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறது என்றும், பற்பசை தேய்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இப்போதைக்குத் தேய்க்க வேண்டாம். பற்பசையும் மெல்லிய உப்புத்தாளைப் போலத்தான் வேலை செய்கிறது, வேறு பிரதி இல்லாத வட்டில் அதைச் சோதித்துப் பார்ப்பது வீண் வம்பு.

முதலில் வட்டைக் குழாய்நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக் கழுவி, பழைய வேட்டித் துணியால் நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல், தரவு எழுதப்பட்ட தடத்தின் வழியே நீண்டு ஓடும். குறுக்கே விழும் சிறு கீறலைப் பிழைதிருத்தக் குறியீடு (சேதமான பகுதியை ஈடுகட்டத் தரவோடு சேர்த்து எழுதப்படும் கூடுதல் தகவல்) சமாளித்துவிடும், நீளக் கீறலிடம் அது தோற்றுப்போகும். தின்னரும் நகப்பூச்சு நீக்கியும் வட்டின் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கைக் கெடுத்துவிடும் என்பதால் அவற்றைத் தொடவே வேண்டாம்.

நன்றாகக் காய்ந்த பிறகு, கணினியில் டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற தரவு மீட்பு நிரலைக் கொண்டு படிம நகல் (வட்டு முழுவதும் அப்படியே ஒரே கோப்பாக) எடுங்கள். அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, படிக்க முடியாத இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எதைப் படித்தது, எது விடுபட்டது என்று அது குறித்துவைக்கும் பதிவுக் கோப்பை அழிக்காமல் வைத்திருந்தால், விடுபட்டவற்றை மட்டும் வேறொரு டிரைவில் தொடரலாம். ஒன்று படிக்காததை மற்றொன்று படிப்பதுண்டு.

டிவிடியில் தரவு இரு 0.6 மி.மீ. தகடுகளுக்கு நடுவே இருப்பதால், அடிப்பக்கக் கீறலை மெருகேற்ற இடமுண்டு. நகலுக்குப் பின்னும் இடைவெளி எஞ்சினால் மட்டும் மெருகேற்றும் இயந்திரம் உள்ள கடையில் கொடுங்கள்.