டிவிடி ரெக்கார்டர்: முதலில் ஃபைனலைஸ், அப்புறம் கேள்வி

பழைய கேசட்டை டிவிடி ரெக்கார்டரில் ஏற்றுவது பற்றிக் கேட்டு வைத்தவர்களுக்கு இங்கே மொத்தமாகப் பதில் சொல்கிறேன். கல்யாண வீடியோ கேசட்டுகளை டிவிடியாக மாற்றிக் கொடுப்பதுதான் பல வருடம் என் பிழைப்பு. ப்ளூரே, கம்ப்யூட்டர் கேப்சர் கார்டு எல்லாம் என் பேட்டை இல்லை. அதை வேறு யாரிடமாவது கேளுங்கள்.

திருச்சி: ரெக்கார்டரில் எடுத்த டிஸ்க் அதே ரெக்கார்டரில் நன்றாக ஓடுகிறது. மகள் வீட்டு பிளேயரில் போட்டால் "நோ டிஸ்க்" என்கிறது. டிஸ்க் மட்டமா?

டிஸ்க் மேல் பழி போடாதீர்கள். நீங்கள் ஃபைனலைஸ் செய்யவில்லை. பதிவு முடிந்ததும் படம் டிஸ்க்கில் இருக்கிறது; ஆனால் எது எங்கே தொடங்குகிறது என்ற விவரம் இன்னும் முழுதாக எழுதப்படவில்லை. அதை எழுதிய ரெக்கார்டருக்கு மட்டும் அது புரியும். மற்ற பிளேயர்கள் டிஸ்க்கின் உள்விளிம்பில் இருக்கும் லீட்இன் பகுதியைத்தான் முதலில் தேடும். ஃபைனலைஸ் கொடுக்கும்போதுதான் அந்த லீட்இன், கடைசியில் லீட்அவுட், மெனு எல்லாம் எழுதப்படுகின்றன.

ரிமோட்டில் செட்டப் அல்லது ஃபங்ஷன்ஸ், அதற்குள் டிஸ்க் மேனேஜ்மென்ட், அதற்குள் ஃபைனலைஸ். சில நிமிடம் ஆகும். டிஸ்க்கில் கொஞ்சம்தான் பதிவு இருந்தால் இன்னும் கூடுதலாக ஆகும், பயப்பட வேண்டாம்: காலி இடத்தை இட்டு நிரப்புகிறது. நடுவில் கரண்ட் போனால் டிஸ்க் போச்சு. மின்வெட்டு நேரம் பார்த்து ஆரம்பிக்காதீர்கள்.

எல்லாருக்குமே சொல்கிறேன்: ரெக்கார்டரை விற்பதற்கு முன்னால், எக்ஸ்சேஞ்சில் தள்ளுவதற்கு முன்னால், அலமாரியில் இருக்கும் டிஸ்க் அத்தனையையும் அதே கருவியில் ஃபைனலைஸ் செய்துவிடுங்கள். ரெக்கார்டரின் லேசர் போன பிறகு அழுது பயனில்லை.

சேலம்: மைனஸ் ஆர், பிளஸ் ஆர், ஆர்டபிள்யூ, ரேம் என்று ஏகப்பட்டது இருக்கிறதே. எதை வாங்குவது?

வீட்டில் வைத்துக்கொள்ள மைனஸ் ஆர். பழைய பிளேயர்கள் அதிகம் ஏற்றுக்கொள்வது அதைத்தான். பிளஸ் ஆரும் நல்லதே, உங்கள் ரெக்கார்டர் அதை எழுதுமா என்று மட்டும் பாருங்கள். அழித்து அழித்து எழுதக்கூடிய ஆர்டபிள்யூ ஒத்திகைக்கு. அதன் தகடு ஒளியைக் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும்: கடையில் விற்கும் ஒற்றை அடுக்கு டிஸ்க் குறைந்தது 45 சதவீதம் என்றால், ஆர்டபிள்யூ 18 முதல் 30 வரை. இரட்டை அடுக்கு டிஸ்க்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான் திருப்பும் என்பதால், சில பழைய பிளேயர்கள் இதை இரட்டை அடுக்கு என்று நினைத்து இரண்டாவது அடுக்கைத் தேடி முழிக்கும்.

டிவிடி ரேம் அருமையான சரக்கு. லட்சம் தடவை அழித்து எழுதலாம், ஃபைனலைஸ் தேவையில்லை. ஆனால் மாமியார் வீட்டு பிளேயரில் ஓடாது.

வேகமும் முக்கியம். ரெக்கார்டர் 2004 மாடல், டிஸ்க் 16 எக்ஸ் என்றால் சில நேரம் எழுதவே மறுக்கும். அந்தக் கருவிக்கு அந்த டிஸ்க்கை எப்படி எரிப்பது என்றே தெரியாது. 8 எக்ஸ் கிடைத்தால் எடுங்கள்.

ஈரோடு: நான் ஃபைனலைஸ் செய்துவிட்டேன். மைனஸ் ஆர்டபிள்யூ. அப்படியும் வேறு பிளேயரில் ஓடவில்லை. கம்ப்யூட்டரில் திறந்தால் ஒரே ஒரு பெரிய ஃபைல்.

அப்பாடா, ஃபைனலைஸ் செய்தவர் ஒருவர்! அந்த ஃபோல்டரின் பெயர் டிவிடி ஆர்டிஏவி, ஃபைல் வி.ஆர்.ஓ. என்று முடிகிறதா? அப்படியென்றால் நீங்கள் விஆர் முறையில் பதிவு செய்திருக்கிறீர்கள். ரெக்கார்டரில் இரண்டு முறை உண்டு. வீடியோ முறையில் எழுதினால் வீடியோ டிஎஸ் என்ற ஃபோல்டரும், அதற்குள் 1 ஜிபிக்கு மேல் போகாத விஓபி ஃபைல்களும் இருக்கும். எந்த பிளேயரும் எதிர்பார்ப்பது இதைத்தான். விஆர் முறை எடிட்டிங்குக்காக வந்தது. விளம்பரத்தை வெட்டலாம், வரிசை மாற்றலாம். எல்லாப் பதிவும் ஒரே ஃபைலுக்குள் போகும். எங்கே வெட்டு, எது முதலில் என்ற கணக்கு தனியாக ஒரு சின்ன ஃபைலில். விஆர் தெரியாத பிளேயருக்கு அந்த டிஸ்க் வெறும் தகடுதான்.

தப்பிக்க வழி இருக்கிறது. அந்த பெரிய ஃபைலை ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து விஎல்சி என்ற கம்ப்யூட்டர் பிளேயரில் திறங்கள், ஓடும். உள்ளே இருப்பது டிவிடியில் படத்தைச் சுருக்கி எழுதும் சாதாரண எம்பெக்-2 முறைதான். வெட்டின விளம்பரம் சில நேரம் திரும்பி வரும், வரிசையும் மாறலாம். அடுத்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்யும்போதே வீடியோ முறையைத் தேர்ந்தெடுங்கள். பதிவு செய்த பிறகு மாற்ற வேண்டுமானால் மொத்தத்தையும் அழிக்க வேண்டும்.

நாகர்கோவில்: என் டிஸ்க் தம்பி வீட்டில் ஓடவில்லை.

ஃபைனலைஸ். திருச்சிக்காரருக்கு எழுதியதைப் படியுங்கள்.

யாழ்ப்பாணம்: கனடாவில் இருந்து மாமா அனுப்பின கலியாண கேசட். எங்கட டெக்கில் போட்டால் படம் உருளுது, நிறம் இல்லை. ரீஜன் பிரச்சினையோ அண்ணா?

ரீஜன் இல்லை தம்பி. ரீஜன் எண் படக் கம்பெனி டிவிடிகளுக்கு மட்டும்தான். வீட்டில் எடுத்ததற்கு அது கிடையாது. டிவி சிக்னல் முறைதான் வேறு: கனடாவில் என்டிஎஸ்சி, உங்களுக்கும் எங்களுக்கும் பால் (PAL). ஒன்று விநாடிக்கு ஏறக்குறைய 30 படம், மற்றது 25. முதலில் என்டிஎஸ்சி ஓட்டும் மல்டி சிஸ்டம் டெக் தேடுங்கள். அப்புறம் ரெக்கார்டர் செட்டப்பில் உள்வரும் சிக்னலை என்டிஎஸ்சிக்கு மாற்றுங்கள். அதே டிஸ்க்கில் பால் பதிவைச் சேர்க்காதீர்கள். இங்கே உள்ள பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஓட்டிவிடும். நீங்கள் பாலில் எடுத்து மாமாவுக்குத் திருப்பி அனுப்பினால்தான் சிக்கல். அங்கே பல பிளேயர்கள் அதைத் தொடாது.

மதுரை: மூன்று மணி நேரக் கல்யாண கேசட். எக்ஸ்பியா, எஸ்பியா, எல்பியா?

இவை பதிவுத் தர முறைகள்: தரம் கூடினால் டிஸ்க்கில் அடங்கும் நேரம் குறையும். கணக்கு எளிது. டிஸ்க் 4.7 ஜிபி. எக்ஸ்பியில் ஒரு மணி நேரம், விநாடிக்கு 10 மெகாபிட். எஸ்பியில் இரண்டு மணி நேரம், 5 சொச்சம். எல்பியில் நான்கு மணி நேரம், 2.6. எஃப்ஆர் என்ற வசதி இருந்தால் மூன்று மணி நேரம் என்று கொடுத்து ஒரே டிஸ்க்கில் முடியுங்கள். இல்லையென்றால் எஸ்பியில் இரண்டு டிஸ்க்: முகூர்த்தம் ஒன்று, வரவேற்பு ஒன்று. எக்ஸ்பி தண்டம். விஎச்எஸ் கேசட்டில் இருப்பதே குறுக்கே 240 கோடு அளவு விவரம்தான்.

கும்பகோணம் (ஸ்டுடியோ வைத்திருப்பவர்): தப்பு சார். கல்யாணத்துக்கு எக்ஸ்பிதான். குறைத்துப் போட்டால் ஹோமப்புகை கட்டம் கட்டமாக உடையும். கெட்டிமேளம் கொட்டி அட்சதை தூவும்போது மணமக்கள் முகமே தெரியாது.

நல்ல உதாரணம். எம்பெக்-2 ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பெரும்பாலும் எழுதுகிறது. புகையிலும் அட்சதையிலும் எல்லாமே வித்தியாசம், அதனால் பிட் பத்தாமல் உடைகிறது. எல்பியில் அது நடக்கும், மறுக்கவில்லை. எஸ்பியில் அந்த இரண்டு விநாடி தவிர யாரும் கண்டுபிடிக்க முடியாது.

கும்பகோணம்: அந்த இரண்டு விநாடிக்குத்தானே சார் கல்யாணமே!

சரி, ஆனால் எக்ஸ்பிக்கும் விலை உண்டு. விநாடிக்கு 10 மெகாபிட் என்பது டிவிடி தாங்கும் உச்சத்தை ஒட்டியது. பழைய மலிவு பிளேயரில், எழுதின டிஸ்க்கை, அதுவும் ஆர்டபிள்யூவை அந்த வேகத்தில் படிக்கவிட்டால் திக்கித் திக்கி ஓடும். வாடிக்கையாளர் அட்சதைக்கு முன்னாலேயே டிஸ்க்கைத் திருப்பிக் கொண்டுவருவார்.

கோயம்புத்தூர்: இடையில் வருவதற்கு மன்னிக்கவும். 240 கோடுதான் என்றால் எல்பியே போதாதா? பாதி அகலத்தில் எழுதினாலும் 352 புள்ளி இருக்கிறதே.

கூர்மைக்குப் போதும். திரை 4க்கு 3 என்பதால் 240 கோடு 320 புள்ளிக்குச் சமம், 352க்குள் அடங்கிவிடும். தகராறு கூர்மையில் இல்லை, கேசட்டின் இரைச்சலில். தேய்ந்த கேசட்டில் பட்டுப்புடவை மேல் ஓயாமல் பொரிகிற புள்ளிகளையும் ரெக்கார்டர் விவரம் என்று நினைத்து பிட்டைச் செலவழிக்கும், முகத்துக்கு மிச்சம் இருக்காது. அதனால்தான் எஸ்பி. எல்பியைவிட நீண்ட நேரம் பதியும் ஈபி முறைப் பக்கமே போகாதீர்கள்: பல கருவிகளில் உயரமும் பாதியாகி அசைவு வெட்டி வெட்டி வரும்.

கும்பகோணம்: என்னிடம் இருப்பது எஸ்-விஎச்எஸ் மாஸ்டர் சார். 400 கோடு.

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! மாஸ்டருக்கு, அதாவது விஎச்எஸ்ஸைவிடக் கூர்மையான எஸ்-விஎச்எஸ்ஸில் எடுத்த மூலப் பதிவுக்கு, எக்ஸ்பி போடுங்கள், நானும் அதைத்தான் செய்வேன். மதுரைக்காரர் வீட்டில் இருப்பது அப்படி ஒரு மாஸ்டரின் காப்பி. அவருக்கு எஸ்பி.

கும்பகோணம்: காப்பிக்கும் எக்ஸ்பிதான்.

உங்கள் டிஸ்க், உங்கள் காசு.

தூத்துக்குடி: ரெக்கார்டரில் ஓடுது, வேறு எதிலும் ஓடலை. என்ன காரணம்?

மேலே இரண்டு தடவை சொல்லியாச்சு.

வேலூர்: கடையில் வாங்கின படக் கேசட்டை ஏற்றினால் "காப்பி செய்ய முடியாது" என்று வருகிறது.

காப்பி தடுப்பு சிக்னல். அதைத் தாண்டுவது எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள். உங்கள் சொந்தக் கேசட்டுக்கே அப்படி வந்தால் விஷயம் வேறு: தேய்ந்த கேசட்டின் தடுமாறும் சிக்னலைக் கருவி தடுப்பு என்று தப்பாக நினைக்கிறது. டெக் ஹெட்டைச் சுத்தம் செய்து, டிராக்கிங் சரிசெய்து பாருங்கள்.

புதுச்சேரி: கேசட்டில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது.

பூஞ்சை. டெக்கில் போடாதீர்கள், ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். சுத்தம் செய்பவரிடம் கொடுங்கள்.

தஞ்சாவூர்: ரெக்கார்டர் செத்துவிட்டது. ஃபைனலைஸ் செய்யாத டிஸ்க் ஒரு கட்டு இருக்கிறது. அம்மாவின் அறுபதாம் கல்யாணம் அதில்.

நான் பயந்தது இதற்குத்தான். முதல் வேலை, அந்த டிஸ்க்குகளைக் கம்ப்யூட்டரில் போட்டு "காலி டிஸ்க், என்ன செய்யலாம்?" என்று அது கேட்டால் கேன்சல் கொடுங்கள். ஃபார்மேட் செய்யவே கூடாது. அடுத்து, அதே கம்பெனியின் அதே மாடல் ரெக்கார்டர் யாரிடமாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். பெரும்பாலும் அதில் போட்டு ஃபைனலைஸ் கொடுத்தால் முடிந்தது. வேறு கம்பெனி கருவியில் முயற்சி செய்யாதீர்கள்.

கிடைக்கவில்லை என்றால் ஐசோபஸ்டர் மாதிரி மென்பொருள். நல்ல டிவிடி டிரைவில் போட்டால், பட்டியல் இல்லாவிட்டாலும் டிஸ்க்கை நேராகப் படித்து வீடியோவை எடுத்துத் தரும். டிரைவுக்கு டிரைவ் பலன் மாறும், ஒன்றில் தெரியாத டிஸ்க் இன்னொன்றில் தெரியும். டிஸ்க்கின் மேல் காகித ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அப்படியே விடுங்கள். உரித்தால் மேல்பூச்சும் சேர்ந்து வரும். இனிமேல் ஒட்டாதீர்கள், சிடி மார்க்கர் போதும்.

சிங்கப்பூர்: டிவியில் டிவிடி பிளேயரே இல்லை. பென்டிரைவில் போட என்ன செய்ய வேண்டும்?

ஃபைனலைஸ் செய்த டிஸ்க் என்றால் மேக்எம்கேவி என்ற மென்பொருள் போதும். படத்தைத் தொடாமல், பிரிந்து கிடக்கும் விஓபி ஃபைல்களை ஒரே ஃபைலாகக் கட்டித் தரும். தரம் ஒரு துளி குறையாது. சில டிவிகள் எம்பெக்-2 ஓட்டாது. அப்போது ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் எம்பி4 ஆக்குங்கள். டீஇன்டர்லேஸ் (கோடு விட்டுக் கோடு எழுதிய படத்தை ஒன்றாக்கும் வசதி) போட மறந்தால் கையசைவெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாக வரும். எம்பி4 கையில் வந்ததும் டிஸ்க்கைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். வெயில் படாத இடத்தில், நிற்க வைத்து, பெட்டியோடு வையுங்கள்.