டோங்காட்டில் குழாய் வறண்ட மாதங்களை எழுது

கேள்வி: அக்கா, அரசியல் அறிவியலில் எம்.ஏ. முடித்துவிட்டேன். பருவநிலை மாற்றத்தால் ஆப்பிரிக்க நாடுகளின் அரசியல் நிலைகுலைவது பற்றி பிஎச்.டி. செய்ய ஆசை. உதவித்தொகை இல்லாமல் முடியாது. அப்பா, "வேலைக்குப் போ" என்கிறார். தலைப்பு சரியா? எங்கே விண்ணப்பிப்பது?
- வாசகி, டோங்காட், தென்னாப்பிரிக்கா

பதில்: தங்கச்சி, பணம் அப்புறம், முதலில் தலைப்பு. நானும் ஒரு காலத்தில் 'ஆப்பிரிக்காவில் பருவநிலையும் போரும்' என்றுதான் எழுதிக் கொடுத்தேன். "எந்த ஊர், எந்த வருஷம்?" என்று தேர்வுக்குழு கேட்டது. என்னிடம் பதில் இல்லை. அந்த வருஷம் உதவித்தொகையும் இல்லை.

பெரிய தலைப்பில் பெரியவர்களே மோதிக்கொண்டிருக்கிறார்கள். வெப்பம் கூடினால் ஆப்பிரிக்காவில் உள்நாட்டுப் போர் கூடும் என்று 2009-இல் ஆய்வாளர் மார்ஷல் பர்க் குழுவினர் எழுதினார்கள். மறுவருஷமே நார்வேயின் ஹால்வார்ட் புஹாக் மறுத்தார். வறுமையும், சில இனங்களை ஆட்சியிலிருந்து ஒதுக்கி வைப்பதும்தான் போருக்குக் காரணம் என்றார். மழைக்கும் கலவரத்துக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதுதான் இன்னும் சரியாகத் தெரியாத இடம். நீ நுழைய வேண்டியது அங்கேதான்.

அதற்கு உன் ஊரே போதும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம் குவாசுலு-நடால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்படிப்பட்ட மழை வரும் வாய்ப்பு பருவநிலை மாற்றத்தால் ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிட்டது என்று விஞ்ஞானிகள் கணித்தார்கள். டோங்காட்டின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் உடைந்து, மாதக்கணக்கில் குழாய் வறண்டு கிடந்தது உனக்குத் தெரியும். தண்ணி லாரி எந்தத் தெருவுக்கு முதலில் வந்தது? ஜோஜோ டாங்க் (தண்ணீர் சேமிக்கும் பிளாஸ்டிக் தொட்டி) வாங்க முடியாத வீடுகள் என்ன செய்தன? யார் கவுன்சிலரைத் தேடிப் போனார்கள், யார் சாலையை மறித்தார்கள், யார் ஓட்டுப் போடுவதையே விட்டார்கள்? 2021 நவம்பர் உள்ளாட்சித் தேர்தல் வெள்ளத்துக்கு முன்பு, 2024 மே தேர்தல் அதற்குப் பின்பு. இரண்டுக்கும் வாக்குச்சாவடி வாரியான முடிவுகளைத் தேர்தல் ஆணையமே வெளியிட்டிருக்கிறது. ஒன்று உள்ளாட்சி, மற்றது தேசிய, மாகாணத் தேர்தல் என்பதை மட்டும் மறந்துவிடாதே. 2024-இல் முன்னாள் அதிபர் ஜூமாவின் எம்.கே. கட்சி எழுந்ததற்கும் வேறு காரணங்கள் நிறைய. எல்லாவற்றையும் வெள்ளத்தின் தலையில் கட்டினால் தேர்வாளர் விடமாட்டார்.

சரி, பணம். தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின், அதாவது என்.ஆர்.எஃப்.பின், முனைவர் உதவித்தொகைக்குப் பல்கலைக்கழகம் வழியாகத்தான் போக வேண்டும். பல்கலைக்கழகத்தின் உள் கெடு தேசியக் கெடுவுக்கு முன்பே முடிந்துவிடும். பலர் தவறவிடுவது அங்கேதான். வயது வரம்பும் உண்டு, தள்ளிப்போடாதே. அரசின் ஆய்வு இருக்கை, அதாவது ஆராய்ச்சிக்கென்றே நிதியோடு வரும் பதவி, பெற்ற பேராசிரியர்களிடம் மாணவர்களுக்கென்றே நிதி இருக்கும். ஆகவே முதலில் வழிகாட்டியைத் தேடு. இரண்டு பக்கத்தில் உன் கேள்வியை எழுதி அனுப்பு.

அப்பாவிடம் நேராகப் பேசு. உதவித்தொகை கடன் இல்லை, ஆனால் படிப்பை நடுவில் விட்டால் திருப்பிக் கேட்பார்கள். இரண்டையும் சொல்லிவிடு. மாதம் எவ்வளவு வரும், வீட்டுக்கு எவ்வளவு தர முடியும் என்று தாளில் எழுதிக் காட்டு. கவலைப்படுகிற அப்பாவுக்குக் கணக்கு புரியும்.

இன்னொன்று. பக்கத்து ஊரான வெருலத்தில் என் பெரியம்மா, லாரி வந்த நாட்களைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருந்தார். வீடு சுத்தம் செய்தபோது நாங்கள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டோம். இன்றும் வருத்தமாக இருக்கிறது. உங்கள் தெருவில் அப்படி யாராவது வைத்திருப்பார்கள். இந்த வாரமே போய்க் கேள்.