அலுமாரியில் இருக்கும் ஒன்பது புத்தகங்கள்

அன்புள்ள அக்கா,

நான் இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியை. மூன்று, நான்கு வயதில் 16 பிள்ளைகள். கொழும்பில் வேலை செய்யும் தம்பி ஒன்பது படக்கதைப் புத்தகங்கள் வாங்கித் தந்தான். கிழித்துவிடுவார்கள் என்று அலுமாரியில் பூட்டி வைத்து, வெள்ளிக்கிழமை மட்டும் எடுத்து வாசிக்கிறேன். ஐந்து நிமிடத்தில் கதை முடிந்துவிடுகிறது. அதற்குள் பாதிப் பேர் எழுந்து ஓடிவிடுகிறார்கள். பெற்றோரோ, "விளையாட்டு போதும், அ, ஆ எழுதப் பழக்குங்க டீச்சர்" என்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?

ர., பொகவந்தலாவை

அன்புள்ள டீச்சர்,

முதலில் அலுமாரியைத் திறந்துவிடுங்கள். கிழியத்தான் செய்யும். ஒன்பதில் இரண்டு இந்த வருடமே போய்விடலாம். போகட்டும். கோதுமை மாவில் பசை காய்ச்சி, கிழித்த பிள்ளையையே பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒட்டுங்கள். காயும்வரை விரலால் அழுத்திப் பிடிப்பது அந்தப் பிள்ளையின் வேலை. தான் ஒட்டிய புத்தகத்தை அடுத்த முறை எவ்வளவு கவனமாகத் தூக்குகிறது என்று பாருங்கள்.

ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது என்றீர்களே, அங்கேதான் சிக்கல். நீங்கள் எழுத்தை வாசிக்கிறீர்கள், பிள்ளை படத்தை வாசிக்கிறது. படம் அத்தனை சீக்கிரம் முடியாது.

சில வருடங்களுக்கு முன் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்கு, அதாவது வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு, வாரம் ஒரு நாள் புத்தகத்தோடு போய்க்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தில் ஒரு பெண் கூடையோடு மழையில் நடந்து போவாள். மூன்று வயதுப் பையன் ஒருவன் அவள்மேல் விரலை வைத்து, "அம்மா மலைக்குப் போறாங்க" என்றான். தோட்டத்தில் மலை என்றால் கொழுந்து பறிக்கும் இடம். "இல்லடா, சந்தைக்குப் போறாங்க" என்று திருத்திவிட்டு நான் பக்கத்தைப் புரட்டினேன். அவன் விரலை எடுத்துக்கொண்டான். அன்று முழுக்க வாயே திறக்கவில்லை. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

அடுத்த வாரம் அதே பக்கத்தைத் திறந்து, ஒன்றும் சொல்லாமல் அவன் பக்கம் நீட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான். "படங்கு கட்டல. சேல நனைஞ்சிரும்" என்றான். தினமும் விடியற்காலையில் அம்மா இடுப்பில் சேலைக்குமேல் படங்குச் சாக்கு கட்டுவதைப் பார்க்கிற பிள்ளை அவன். ஆயம்மா ஒரு சாக்குத் துண்டை வெட்டித் தந்தார், பொம்மைக்குக் கட்டிவிட்டோம். அப்புறம் ஒரு கம்பின் இரண்டு முனையிலும் சிரட்டை தொங்கியது, தராசு வந்துவிட்டது. "18 கிலோ!" என்று ஒரு குட்டிப் பெண் கத்தினாள். பறித்த கொழுந்தின் எடையாக வீட்டில் அன்றாடம் கேட்கிற எண் அல்லவா! அரை மணி நேரம் அந்த ஒரு பக்கத்தை விட்டு நாங்கள் நகரவில்லை.

அதனால் படத்தைக் காட்டி, "இங்க என்ன நடக்குது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பிள்ளை "நாய்" என்று சொன்னால், "ஆமா, நனைஞ்ச நாய். எங்க ஓடுது?" என்று ஒரு சொல்லைச் சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள். பதினாறு பேரையும் ஒன்றாக உட்கார வைக்காதீர்கள். நாலைந்து பேர் போதும், மற்றவர்கள் அந்த நேரம் மணலிலோ கட்டைகளிலோ விளையாடட்டும்.

அந்தத் தராசு விளையாட்டைப் பார்த்த ஒரு தாய், "எம்புள்ளயும் கொழுந்துக் கூடை தூக்கக் கூடாதுன்னுதான் இங்க அனுப்புறேன்" என்று வருத்தப்பட்டார். அவர் சொன்னதில் முழு நியாயம் இருக்கிறது. பிள்ளைக்குத் தெரிந்த உலகத்தில் தொடங்கலாம், அதிலேயே நின்றுவிடக் கூடாது.

ரயில் படம் உள்ள புத்தகம் இருக்கிறதா? ஒரு நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் வரிசையாக நடக்கட்டும். நானுஓயா, தலவாக்கலை, கொட்டகலை, ஹட்டன் என்று ஸ்டேஷன் பெயர்களைக் கூவுங்கள். கொட்டகலைக்கும் ஹட்டனுக்கும் நடுவே சிங்கமலைச் சுரங்கம் வருமே, அதற்கு இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டு மேலே கம்பளியை விரித்தால் போதும். இருட்டுக்குள் புகுந்ததும் எல்லாரும் "ஓ" என்று கத்துவார்கள். கத்தட்டும். உங்களிடமிருந்து எழுந்து ஓடுகிற பிள்ளைகள்தான் இதில் முதலில் நிற்பார்கள்.

மழைக்கு ஒரு புத்தகம் சொல்கிறேன். சிபில் வெத்தசிங்க எழுதி, அவரே படமும் வரைந்த 'குட ஹொரா' (குடைத் திருடன்), 1956இல் வந்த சிங்களப் படக்கதை. குடையைக் கண்டறியாத ஊர்க்காரர்கள் அதில் வாழையிலையையும் வேறு பெரிய இலைகளையும் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். சிங்களத்தில் கிடைத்தாலும் வாங்கிவிடுங்கள், படத்தைக் காட்டித் தமிழில் நீங்களே சொல்லலாம். அப்புறம் ஆளுக்கொரு வாழையிலைத் துண்டு, கொஞ்சம் தண்ணீர். யார் குடை ஒழுகுகிறது? சேம்பு இலை வேண்டாம், அரிக்கும்.

இன்னும் புத்தகம் தேவைப்பட்டால், பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தரவிறக்கி அச்செடுத்துக்கொள்ள அவர்களே அனுமதிக்கிறார்கள்.

பெற்றோரோடு வாதாட வேண்டாம். பக்கம் புரட்டுகிற, பசை தடவுகிற விரல்தான் நாளைக்குப் பென்சில் பிடிக்கப்போகிறது என்று சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை ஒரு பிள்ளையிடம் ஒரு புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். வாசிக்கத் தெரியாத அப்பாயியாக இருந்தாலும் சரி, "எழுத்த விடுங்க, படத்தப் பார்த்து நீங்களே ஒரு கத சொல்லுங்க" என்று கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு அப்பாயி, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) கதை சொன்னபோது பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

முதல் வாரம் ஒரே ஒரு பக்கத்தோடு நின்றாலும் பரவாயில்லை. எந்தப் படத்தில் விரல் வைத்தார்கள், என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள், காத்திருப்பேன்.

அன்புடன்,
அக்கா