பட்டம் கிடைக்காதவருக்கு முதலிடம்

போன இதழில் ஏதோ ஒரு பதிலின் கடைசியில், "குத்துச்சண்டையில், லைட் ஹெவிவெயிட் எடையில் எஸ்ஸார்ட் சார்ல்ஸுக்கு மேல் ஆள் கிடையாது" என்று போகிற போக்கில் எழுதிவைத்தேன். அவ்வளவுதான், வடசென்னையிலிருந்து கட்டுக் கட்டாகக் கடிதம். அதனால் இந்த வாரம் முழுக்க அந்த எடைக்காரர்கள்தான். கிரிக்கெட் கேள்வி அனுப்பியவர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த எடையில் உலகப் பட்டமே வாங்காத ஒருவரை உச்சியில் வைக்கிறீர்களே, இது என்ன நியாயம்? முதல் ஐந்து பேரைச் சொல்லுங்கள் ஐயா, சண்டைக்கு நான் தயார். (வியாசர்பாடி வாசகர்)

வாங்க, நானும் தயார். யாரிடம் பெல்ட் இருந்தது என்று நான் பார்ப்பதில்லை. யார் யாரை அடித்தார், அதைத்தான் பார்ப்பேன். பெல்ட் என்பது வீட்டுப் பட்டா மாதிரி. பல நேரம் அது குடியிருப்பவன் பெயரில் இருக்காது.

ஆர்ச்சி மூர் எப்பேர்ப்பட்ட ஆள் என்று உங்களுக்கே தெரியும். 130-க்கு மேல் நாக் அவுட். அந்த மூரை சார்ல்ஸ் 1946-ல் அடித்தார், 1947-ல் அடித்தார், 1948-ல் எட்டாவது ரவுண்டில் கீழே சாய்த்தார். மூன்றுக்கு மூன்று. தன்னை ஒருமுறை நாக் அவுட் செய்த லாயிட் மார்ஷலைத் தேடிப்போய் இரண்டு முறை திருப்பி அடித்தார். பின்னால் இதே எடையில் சாம்பியனான ஜோயி மாக்ஸிம், இவரிடம் ஐந்து முறை தோற்றவர். இத்தனைக்கும் அப்போது சாம்பியனாக இருந்த கஸ் லெஸ்னெவிச்சோடு மோத சார்ல்ஸுக்கு ஒரு தேதி கிடைக்கவில்லை. ஜெயித்தால் பெரிய பணம் இல்லை, தோற்றால் பட்டம் போகும், எதிரே நிற்பவர் கறுப்பர் வேறு. எந்த மேனேஜர் கையெழுத்துப் போடுவார்?

சரி, இந்த வாசல் திறக்காது என்று சார்ல்ஸ் மேலே போனார். 1949-ல் ஹெவிவெயிட் பட்டம். 1950-ல் ஜோ லூயிஸையே 15 ரவுண்டு வைத்து அடித்தார். அதற்கு முன்னால் ஒரு கெட்ட நாள் உண்டு. 1948 பிப்ரவரியில் சிகாகோவில் இவரிடம் அடிவாங்கிய சாம் பரூடி என்ற பையன் இறந்துபோனான். அதற்குப் பிறகு சார்ல்ஸின் கையில் பழைய வேகம் இருந்தாலும் பழைய கொடூரம் இல்லை என்பார்கள்.

ஆக, முதலில் சார்ல்ஸ், அடுத்து மூர். மூன்றாவது ஜீன் டன்னி. அவரும் உலக லைட் ஹெவிவெயிட் பட்டம் வாங்கியவர் இல்லை, அமெரிக்கப் பட்டம் மட்டும்தான். வாழ்க்கையில் தோற்றது ஒரே ஒருமுறை, 1922-ல் ஹாரி கிரெப்பிடம். மூக்கு உடைந்து ரத்தம் கொட்டக் கொட்ட 15 ரவுண்டும் நின்றார். பிறகு அதே கிரெப்பை நான்கு முறை சந்தித்தார், ஒன்றில்கூடத் தோற்கவில்லை. நான்காவது மைக்கேல் ஸ்பிங்க்ஸ், ஐந்தாவது பாப் ஃபாஸ்டர். இந்த இரண்டு பேரை இடம் மாற்றிப் போட்டாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். முதல் இரண்டில் மட்டும் கை வைக்காதீர்கள்.

தொழில்முறை லைட் ஹெவிவெயிட்டுக்கு 175 பவுண்டு என்று ஒரு எல்லை. ஒன்றிரண்டு பவுண்டில் அப்படி என்ன வந்துவிடும்? (பெரம்பூர் வாசகி)

அம்மா, என் மீசையைக் கேளுங்கள்.

எழுபதுகளில் ஒரு போட்டி. எங்கே, யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம். அமெச்சூரில் லைட் ஹெவிவெயிட் எல்லை 81 கிலோ. அதற்கு மேல் ஒரு கிராம் போனாலும் ஹெவிவெயிட், அதற்கு உச்சவரம்பே கிடையாது. என் வாத்தியார் மே மாத வெயிலில் என்மேல் இரண்டு ஸ்வெட்டரை மாட்டி ராயபுரத்திலிருந்து மெரினா வரை ஓடவிட்டார். வாயில் ஒரு உருண்டை புளி. எச்சில் ஊற ஊறத் துப்பிக்கொண்டே ஓட வேண்டும். எடை மேடையில் ஏறினால் முள் 200 கிராம் தாண்டி நிற்கிறது. ஜட்டியைக் கழற்றினேன். இடுப்பில் கிடந்த வெள்ளி அரைஞாண் கொடியைக் கழற்றினேன். பக்கத்துத் தெரு சலூனுக்கு ஓடி மீசையை எடுத்துவிட்டு வந்தேன். இன்னும் ஒரு கோடு பாக்கி. மறுநாள் நான் ஹெவிவெயிட்டில் ஏற வேண்டியதாயிற்று. எதிரே வந்தவர் என்னைவிட 17 கிலோ கூட. இரண்டாவது ரவுண்டில் என்ன நடந்தது என்று வாத்தியார் சொல்லித்தான் தெரியும். "அரைஞாண் கொடியை ஏண்டா கழட்டின?" என்று அம்மா திட்டியதுதான் அதைவிட வலித்தது.

தொழில்முறையிலும் இதே கதைதான். எழுபதுகளின் கடைசியில் நடுவில் குரூசர்வெயிட் என்று ஒரு எடை வரும்வரை 175-க்கு அந்தப் பக்கம் நேராக மலைதான். பாப் ஃபாஸ்டர் ஆறடி மூன்று அங்குலம், இடது கையை வளைத்து அடிக்கும் ஹூக் இடி மாதிரி. 1968-ல் நைஜீரியாவின் டிக் டைகரை அந்த ஹூக்கால்தான் படுக்க வைத்தார், டைகர் எழுந்திருக்காத ஒரே சண்டை அது. தன் எடையில் 14 முறை பட்டத்தைக் காப்பாற்றினார். பணத்துக்காக மேலே போனார். 1970-ல் ஜோ ஃப்ரேசியர் இரண்டே ரவுண்டில் முடித்துவிட்டார்.

இந்த எடை நடுப்பிள்ளை மாதிரி. மூத்தவனுக்குச் சொத்து, இளையவனுக்குச் செல்லம்.

முகமது அலி லைட் ஹெவிவெயிட்டில்தானே ஒலிம்பிக் தங்கம் வாங்கினார்? அவர் ஏன் பட்டியலில் இல்லை? (ஆவடி வாசகர்)

வாங்கினார். 1960 ரோம், வயது 18. ஆனால் தொழில்முறையில் இந்தப் பட்டத்துக்கு அவர் ஆடியதே இல்லை. என் பட்டியலில் இருக்கும் இரண்டு பேரை அடித்ததோடு சரி: 1962-ல் கிழவர் மூரை நான்காவது ரவுண்டில், 1972-ல் ஃபாஸ்டரை எட்டாவது ரவுண்டில். அதிலும் ஃபாஸ்டர் அலியின் முகத்தைக் கிழித்துவிட்டுத்தான் விழுந்தார். 1980-ல் நம் நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆட அலி வந்தபோது நான் தொலைவில் நின்று பார்த்தேன். தொப்பை விழுந்திருந்தது. கால் மட்டும் அந்த 18 வயசுக் கால்.

ராய் ஜோன்ஸை விட்டுவிட்டீர்களே! பெருசுகளுக்குக் கறுப்பு வெள்ளைப் படம்தான் பிடிக்கும் போல. (கொட்டிவாக்கம் கல்லூரி மாணவர்)

தம்பி, அடி சரியாகத்தான் விழுந்தது. 2003-ல் ஜான் ரூயிஸை வென்று ஹெவிவெயிட் பட்டம் எடுத்தாரே, மிடில்வெயிட்டில் சாம்பியனாக இருந்தவர் அப்படிச் செய்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கை வேகத்தில் அவரை யாரும் தொட முடியாது. ஆனால் அவருடைய நல்ல காலத்தில் ஜெர்மனியில் மிகால்செவ்ஸ்கி என்று ஒருவர் சாம்பியனாக உட்கார்ந்திருந்தார். இவரும் அங்கே போகவில்லை, அவரும் இங்கே வரவில்லை. நான் ஏழாவது இடம் தருவேன். ஆறு பில்லி கான்.

ஸ்பிங்க்ஸ் மேலே இருப்பதற்குக் காரணமும் இதுதான். 1983-ல் இன்னொரு அமைப்பின் சாம்பியனான குவாவியோடு மோதி இரண்டு பட்டத்தையும் ஒன்றாக்கினார். இந்த எடையில் தோற்றதே இல்லை. 1985-ல், 48 சண்டையில் தோல்வியே காணாத லாரி ஹோம்ஸிடமிருந்து ஹெவிவெயிட் பட்டத்தைப் பறித்தார். நம் ஜனங்களுக்கு மட்டும் அவர் டைசனிடம் 91 விநாடியில் விழுந்ததுதான் ஞாபகம்.

வெயில் அதிகம் என்று எங்கள் சங்கப் போட்டியைத் தள்ளிவைத்துவிட்டார்கள். உண்டா இப்படி? (திருவொற்றியூர் வாசகர்)

தள்ளிவைத்தது நல்லது. 1952 ஜூனில் நியூயார்க்கில் ஜோயி மாக்ஸிமோடு சுகர் ரே ராபின்சன் மோதினார். நம் கத்திரி வெயில் போல 104 டிகிரி ஃபாரன்ஹீட், மேலே விளக்குச் சூடு. பத்தாவது ரவுண்டில் முதலில் சுருண்டது நடுவர்! வேறு நடுவரை ஏற்றினார்கள். புள்ளியில் முன்னால் இருந்த ராபின்சன் பதினான்காவது ரவுண்டுக்கு எழுந்திருக்கவே இல்லை.

அதே வருஷம் டிசம்பரில் மாக்ஸிமிடமிருந்து மூர் பட்டத்தை எடுத்தார். தொழிலுக்கு வந்து 17 வருஷம் கழித்துக் கிடைத்த முதல் வாய்ப்பு. மாக்ஸிமுக்கு ஒரு லட்சம் டாலர், மூருக்கு 800.

இந்த எடையில் ஒரே ஒரு சண்டை பார்க்க வேண்டுமென்றால் எது? (காசிமேடு வாசகர்)

உங்கள் ஊர்க்காரர் ஆடியதுதான். யுவோன் டுரெல், கனடாவில் நியூ பிரன்ஸ்விக் கடலோரத்து மீனவர். 1958 டிசம்பர் 10, மான்ட்ரியல். எதிரே மூர்.

போன மாதம் துறைமுகத்தில் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து நாலு பையன்களுக்கு செல்போனில் இதைப் போட்டுக் காட்டினேன். முதல் ரவுண்டிலேயே மூர் மூன்று தடவை கீழே. "போட்டான் பாரு நம்மாளு!" என்று ஒருவன் குதித்தான். ஐந்தாவதில் மறுபடியும் விழுந்தார். ஆனால் ஒவ்வொரு தடவை எழுந்ததும் அந்த மனுஷர் செய்வதைக் கவனியுங்கள். பின்வாங்கி ஓடவில்லை. இரண்டு முழங்கையையும் முகத்துக்கு முன்னால் குறுக்கே பூட்டிக்கொண்டு, அந்த இடுக்கு வழியாக எட்டிப் பார்க்கிறார், வாசல் சங்கிலியைக் கழற்றாமல் வந்தவர் யார் என்று பார்க்கிற வீட்டுக்காரர் மாதிரி. ஏழாவது ரவுண்டில் டுரெல் விழுந்தார். பத்தில் விழுந்தார். பதினொன்றில் விழுந்தவர் எழவில்லை. பையன்களிடம் சத்தமே இல்லை.

மறு வருஷம் ஜூனில் டுரெலின் ஊர்ப் பக்கத்துக் கடலில் புயல் அடித்து 35 மீனவர்கள் போய்விட்டார்கள் என்றேன். இரண்டு மாதம் கழித்து மூரோடு மறுபடி மோதி மூன்றாவது ரவுண்டில் தோற்றார் என்றேன்.

"அப்புறம் இன்னா பண்ணாரு, கடலுக்கே போய்ட்டாரா?" என்றான் ஒருவன்.

"இல்லப்பா, மல்யுத்தம் பண்ணப் போனார்."

"அதுக்கு வலையே பின்னியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.