குகைக்குள் ஒரு தறி

அன்புள்ள ஐயா,

போன மாதம் எகிப்து போயிருந்தேன். லக்சரில் நைலின் மேற்குக் கரையில், பழைய கல்லறைக் குகைகளில் கிறிஸ்தவத் துறவிகள் வாழ்ந்ததாக வழிகாட்டி சொன்னார். அந்த அமைதியில் நின்றபோது அழுகை வந்துவிட்டது. யாரும் இல்லாமல் எப்படி வாழ்ந்தார்கள்? தண்ணீருக்கு என்ன செய்தார்கள்? நமக்கெல்லாம் இனி அது சாத்தியமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தண்ணீரை விடுங்கள், வயல்வெளி கண்ணுக்கெட்டும் தூரம்தான். ‘யாரும் இல்லாமல்’ என்று எழுதினீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில்.

அங்கே ஷேக் அப்துல் குர்னா என்றொரு குன்று. அதில் அமெனெமோபே என்ற அமைச்சரின் கல்லறை. அவர் செத்து ஏறத்தாழ 2,100 ஆண்டுகள் கழித்து, கி.பி. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஃபிராங்கே என்ற துறவி அதில் குடியேறினார். பெல்ஜிய ஆய்வாளர்கள் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட சில்லுகள் கிடைத்தன. உடைந்த பானை ஓட்டில் மையால் எழுதிய காப்டிக் எழுத்து, அதாவது எகிப்துக் கிறிஸ்தவர்களின் எழுத்து. பெரும்பாலும் கடிதங்கள். அதைக் கொடுத்து விடு, இதை அனுப்பு என்று ஓயாத நச்சரிப்பு. ஊர்ப் பெண்களுக்குக்கூட எழுதியிருக்கிறார். அந்த வட்டாரத்துத் துறவிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு: “மன்னிக்கணும், பாப்பிரஸ் கிடைக்கவில்லை” என்று, நாணல் தாள் இல்லாததற்கு ஓட்டிலேயே மன்னிப்புக் கேட்பார்கள். ஓட்டில் எழுதுவது மரியாதைக் குறைவு என்று கூச்சப்படுகிறவர்களையா தனிமையின் சிகரம் என்கிறீர்கள்?

கோபப்படாதீர்கள். உங்கள் அழுகை பொய்யில்லை. ஆனால் பெருக்கித் துடைத்த அறையில் நின்று அழுதிருக்கிறீர்கள். பாரோக்களைத் தேடிப் போன பழைய ஆய்வாளர்கள் பலர் மேலே கிடந்த துறவிகளின் குப்பையை வாரிக் கொட்டிவிட்டுத்தான் உள்ளே போனார்கள். பக்கத்திலேயே எபிஃபானியஸ் என்ற துறவியின் மடத்தைத் தோண்டிய அமெரிக்க ஆய்வாளர் வின்லாக் போன்ற சிலர்தான் அதைப் பொறுக்கிப் படித்தார்கள். அவர் அறிக்கை 1926இல் வந்தது. துறவிகளைப் பற்றிய புனிதக் கதைகளைவிட எனக்கு அந்தக் குப்பைதான் பெரிது.

அப்புறம், ஃபிராங்கே நெசவாளி. புத்தகமும் கட்டுவார். அமைச்சரின் கல்லறைக்குள் தறிக்குக் குழி வெட்டியிருக்கிறார்கள். அதைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை.

என் தாத்தா வீட்டில் குழித்தறி இருந்தது. தெருவைப் பார்த்த திண்ணை அறை. வெயில் காலத்தில் அவர் சாப்பிடப் போனதும் நான் குழிக்குள் இறங்கிவிடுவேன். மண் குளிர்ந்து கிடக்கும், காலெல்லாம் பஞ்சு ஒட்டும். ஆச்சி ராட்டையில் தார்க்குச்சிக்கு நூல் சுற்றியபடி திட்டுவார். தாத்தா அதிகம் பேசமாட்டார், ஆனால் தறியில் உட்கார்ந்தவன் தனியாள் இல்லை. நூலை ஒருவன் தரவேண்டும், துணியை ஒருவன் வாங்கவேண்டும், பாவு நூலை நீளவாக்கில் நீட்ட நாலு பேர் வேண்டும். பாலைவனமானாலும் இதுதான் கணக்கு. துறவி ஆசை வந்தால் முதலில் ஒரு கைத்தொழில் கற்றுக்கொள்ளுங்கள், ஆர். சும்மா ஓடிப்போகிறவனைக் குகையும் சேர்க்காது.

தபால்காரர் வந்தால் மட்டும் தாத்தா ஊடு நூல் ஓட்டும் நாடாவைப் பாதியில் விட்டுவிடுவார். எழுந்திருக்க மாட்டார். குழிக்குள் இருந்தபடியே கையை மட்டும் நீட்டுவார்.